கப்பற்றலைவர் கணக்கேடு

வரலாறு எழுதுவார்க்குக் கருவியாவன பல. கல்வெட்டும் செப்பேடும் அரசர் செயலைக் கூறும். காவியங்கள் புலவர் உள்ளத்தைக் காட்டும். இவையேயன்றி, பிறர் படிப்பரென்று கருதாது அன்றாடத் தொழிலின்பொருட்டு எழுதப்பட்ட ஏடுகளும் உள. வணிகக் கப்பற்றலைவர் எழுதிவந்த குறிப்பேடுகள் இவ்வகையைச் சார்ந்தன. அட்லாண்டிக் மாகடல் வாணிகத்தைப்பற்றிய அத்தகைய ஏடொன்றை ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

இதனை எழுதியவர் ஜான் நியூட்டன் என்பவர். 'அமேசிங் கிரேஸ்' என்னும் ஆங்கிலக் கீதத்தைப் பாடாதார் நம்முள் சிலரே. அதன் ஆசிரியர் இவரே. 1725-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த இவர், குருத்துவம் பெறுமுன் லிவர்ப்பூல் வணிகரான ஜோசப் மானெஸ்டியிடம் கப்பற்றலைவராய் இருந்தார். 1750 முதல் 1754 வரை மூன்று முறை கடல் கடந்தார். முதன்முறை ஏறியது 'டியூக் ஆவ் ஆர்கைல்' என்னும் கப்பல், பின்னிருமுறையும் 'ஆப்பிரிக்கன்'. அக்காலத்து அவர் தம் கையால் எழுதிய ஏடு இங்கிலாந்தில் கிரீனிச்சிலுள்ள கடற்பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது. 1962-இல் அது நூலாகவும் அச்சேறியது.

முதற்கண் இத்தகைய ஏடுகளின் இயல்பை அறிதல் வேண்டும். பாய்க்கப்பற் காலத்தில், சம இடைவெளிதோறும் முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் மரத்துண்டொன்றைக் கட்டிப் பின்புறத்தே கடலில் எறிவர். அரை நிமிஷ அளவினதான மணற்கடிகாரம் ஒழியுமுன் எத்தனை முடிச்சுக்கள் கைவழியே ஓடினவென்று எண்ணுவர். அதுவே கப்பலின் வேகம். இன்றும் கப்பல் வேகத்தை 'முடிச்சு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறிப்பதற்குக் காரணம் இதுவே. வேகம், செல்லும் திசை, காற்றின் நிலை ஆகியவற்றை ஏட்டிற் பதிந்து, நண்பகலிற் சூரியனை அளந்து அட்சரேகையைக் கணிப்பர். தீர்க்கரேகையைக் காட்டவல்ல கடிகாரம் அந்நாளில் வணிகக் கப்பல்களில் இல்லை; ஆகவே, ஓடிய தூரத்தைக் கூட்டியே அதனை ஊகித்தறிவர். குறிப்பிற் பிழை நேரின் கப்பல் பாறையில் மோதும். கரையிலிருக்கும் முதலாளிக்குக் கணக்குக் காட்டற்கும் அவ்வேடே சான்று. ஆதலின் பொய்யின்றி எழுதுதல் தலைவரின் கடமையாயிற்று.

நியூட்டன் இக்கடமையிற் சிறிதும் வழுவியவரல்லர். ஆயின், அவர் கப்பல் ஏற்றிச்சென்ற சரக்கு யாது? மனிதரே சரக்கு. இங்கிலாந்தினின்று துணி, இரும்பு, துப்பாக்கி முதலியவற்றைக் கொண்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடைவர். சியரா லியோன் முதலாகத் தெற்கே செல்லும் அக்கரையிற் பல மாதங்கள் தங்கி, ஒருவர் இருவராக அடிமைகளை வாங்குவர். விலையை 'இரும்புச் சட்டம்' என்னும் அளவையாற் பேசுவர். ஏனைப் பண்டங்களின் மதிப்பெல்லாம் அதனாற் கணிக்கப்படும். பின்னர் மாகடலைக் கடந்து மேற்கிந்தியத் தீவுகளில் அம்மக்களை விற்பர். நியூட்டன் முதற் பயணத்தில் ஆண்டிகுவாவிலும், ஏனையிரண்டிற் செயின்ட் கிட்ஸ் தீவிலும் இவ்வாறு இறக்கினார்.

இனி, ஏட்டிற் காணும் குறிப்புக்கள் சிலவற்றை நோக்குவாம். வாங்கப்பட்ட ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு; பெயர் இல்லை. 1751 ஜனவரியில் 11-ஆம் எண்ணுடைய பெண்ணொருத்தி நோயால் இறந்தாள். அவளைக் கடலில் அடக்கியதை எழுதிய அக்குறிப்பிலேயே, அறைகளைச் சுரண்டியதும், கீல், புகையிலை, கந்தகம் ஆகியவற்றால் இரண்டு மணி நேரம் புகையிட்டதும், பின்பு காடியாற் கழுவியதும் எழுதப்பட்டுள்ளன. அவள் எவ்வூரினள், யாருக்குத் தாய், எம்மொழி பேசினாள் என்பவற்றை அவ்வேடு கேட்கவுமில்லை, கூறவுமில்லை.

நம் இலக்கண நூலார் மக்களை உயர்திணை என்றும், ஏனைய யாவற்றையும் அஃறிணை என்றும் பகுத்தனர். இப்பாகுபாட்டைத் தேர்வின்பொருட்டு நாம் பலகாற் பயின்றிருக்கின்றோம். அதன் ஆழத்தை இவ்வேட்டைக் கண்டபின்னரே உணர்ந்தோம். உயர்திணையை அஃறிணையாக்குதற்குப் பெரும் படை வேண்டுவதில்லை. பெயரை நீக்கி, எண்ணை இட்டு, வரிசையில் எழுதும் ஒரு கை போதும்.

மற்றொரு குறிப்பு இதனினும் கொடியது. 1752 டிசம்பர் 11-ஆம் நாள், அடிமைகள் கலகஞ்செய்யக் கருதியிருந்ததைக் காலத்தே கண்டுபிடித்ததற்காகத் தெய்வச் செயலை நியூட்டன் போற்றுகின்றார். அதனை அடுத்தே, முழு உண்மையையும் சொல்லும்படி சிறுவர் சிலரை விலங்கிட்டு, அவர்தம் பெருவிரல்களைத் திருகாணிப் பொறியிலிட்டு நெருக்கியதையும் எழுதுகின்றார். துதியும் வதையும் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்பட்டன. இவ்விரண்டிற்கும் உள்ள முரண் எழுதியவர்க்குத் தோன்றவில்லை.

அவர் அக்காலத்து மனிதர், சட்டமும் அதனைத் தடுக்கவில்லை என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆயினும், துன்பத்தை அறியாமல் அவர் செய்தாரென்று சொல்லுதற்கில்லை. கண் கண்டது, கை எழுதியது, உள்ளம் மட்டும் உணரவில்லை. 1754-இல் அவர் கடலை விட்டதும் மனச்சான்று உறுத்தியதனாலன்று. திடீரென வந்த நோயினாலேயாம். 1764-இற் குருவானார். தாம் செய்த வாணிகத்தைக் கண்டித்து, 'ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைப்பற்றிய எண்ணங்கள்' எனப் பொருள்படும் சிறு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1788-ஆம் ஆண்டிலேதான். கடலை விட்டு அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. அந்நூலில் அவர் தம் குற்றத்தை நாணத்தோடு ஒப்புக்கொண்டார். விசாரணைக் குழுவினர் முன்பும் கண்டதைச் சாட்சியாகப் பகர்ந்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1807-இல் அவ்வாணிகத்தை ஒழித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் இறந்தார். அடிமைகளாக முன்னரே இருந்தவர்க்கோ அச்சட்டம் விடுதலை தரவில்லை.

ஏடு இல்லாமையும் சான்றாகும் என்பதற்கு 'ஸாங்' என்னும் கப்பல் எடுத்துக்காட்டு. 1781-இல் அதன் மாலுமிகள் நூற்றுமுப்பதின் மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்தனர். உரிமையாளர் தலைக்கு முப்பது பவுன் வீதம் இன்ஷூரன்ஸ் தொகை கேட்டனர். 1783-இல் வழக்கு மன்றத்திற்கு வந்தபோது, அக்கப்பலின் குறிப்பேடு காணப்படவில்லை. 1788-இல் இயற்றப்பெற்ற சட்டம், கப்பல் வைத்தியர் இறப்புக்களைப் பதிந்து வைத்தல் வேண்டுமென விதித்தது. நூற்றுக்கு இருவர்க்குமேல் இறவாதாயின் தலைவர்க்கு 100 பவுனும் வைத்தியர்க்கு 50 பவுனும் பரிசாகும் என்றும் கூறிற்று. உயிரைக் காத்தற்கும் விலை குறிக்கவேண்டியிருந்த நிலை இதனாற் புலனாகும்.

இத்தகைய ஏடுகளையும் துறைமுகக் கணக்குக்களையும் தொகுத்து, ஆராய்ச்சியாளர் முப்பத்தாறாயிரத்திற்கு மேற்பட்ட பயணங்களைப் பட்டியலிட்டுள்ளனர். ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் மக்கள் ஆப்பிரிக்கக் கரையிற் கப்பலேற்றப்பட்டனர் என்றும், அவருட் சுமார் பதினெட்டு இலட்சம் பேர் வழியிலேயே மாண்டனர் என்றும் அவர்கள் மதிப்பிடுகின்றனர். வாணிகரின் இலாபத்திற்காக எழுதப்பட்ட கணக்கே அவர்க்கு எதிரான சாட்சியாயிற்று.

கல்லூரியை விட்டுச் சென்றபின் நம்முட் பலர் ஏடு எழுதுவோராவோம். பள்ளியில் வருகைப் பதிவேடும், மருத்துவமனையில் நோயாளர் குறிப்பும், அலுவலகத்திற் சம்பளக் கணக்கும் நம் கையால் எழுதப்படும். அவற்றிற் பிழை இருத்தலாகாது; நியூட்டன் ஏட்டிலும் பிழை இல்லை. பிழையின்மை மட்டும் போதாது என்பதே அவ்வேடு நமக்குக் கற்பிக்கும் பாடம். எண்ணை எழுதுமிடத்து, அதற்குரிய மனிதரை ஒருகணம் ஏறெடுத்து நோக்குவோமாக.