கரைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கி வைத்திருக்கும் உழவர் நண்பர்கள் நம்மில் நிறையப் பேர். எல்லாவற்றையும் பண்ணைக்குட்டை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தரைக்குக் கீழே தோண்டித் தேக்குவது வேறு, தரைக்கு மேலே கரை எழுப்பித் தேக்குவது வேறு. முதல் வகையில் கரை சரிந்தாலும் தண்ணீர் பள்ளத்திலேயே கிடக்கும். இரண்டாவது, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அணைதான். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். நம்ம பத்தடி, பன்னிரண்டடிக் கரை அதில் வராது. வங்கியில் வருஷா வருஷம் தணிக்கைக்காரர் வந்து உட்காருவார். பிடிக்குதோ இல்லையோ, கணக்கு நேராகிவிடும். கரைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நாம்தான் தணிக்கை.

முதலில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பு, சராசரி 5 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 62 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் 500 லாரிக்கு மேல். கரை உடைந்தால் இது கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கும். கீழே யார் காடு, யார் வீடு, எந்தப் பாதை என்பதை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் தள்ளித்தான் கரை உடைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒன்று மேலே வழிந்து உடையும், இல்லையென்றால் உள்ளே அரித்து உடையும்.

மேலே வழியாமல் காப்பது கலிங்கு. சில ஊரில் கலங்கல் என்பார்கள், தெற்கே மறுகால். 20 ஏக்கர் நீர்வரத்துப் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்து அதில் பாதி ஓடி வந்தாலே 40 லட்சம் லிட்டர். குட்டை ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அத்தனையும் கலிங்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அது போதாவிட்டால் கரை மேல் ஏறும். மண்கரையின் வெளிச்சரிவை வழியும் தண்ணீர் அறுத்துக்கொண்டே வரும். ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில், கரும்புப் பாசனத்துக்காக 1890 வாக்கில் கட்டிய மண் அணை ஒன்று உண்டு. தனியார் சொத்து. 2006 மார்ச் 14-ல் உடைந்து 7 பேர் இறந்தார்கள். வழிந்தோட வேண்டிய கலிங்கு அங்கே இல்லாமல் போயிருந்ததுதான் விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது.

நம்மிடமும் அந்த ஆசை உண்டே! கலிங்கில் நாலு மணல் மூட்டை போட்டால் ஒரு அடி தண்ணீர் கூட நிற்கும், 12 லட்சம் லிட்டர் லாபம். மீன் போகாமல் வலை கட்டுவோம். முள்ளும் பிளாஸ்டிக்கும் அதில் அடைத்து, வலையே சுவராகிவிடும். ஐப்பசிக்கு முன்னால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கலிங்கு, கொட்டிய மண்ணின் மேல் இல்லாமல் ஓரத்தில் அசையாத கெட்டித்தரையில் இருக்க வேண்டும். நிறைந்த நீர்மட்டத்துக்கு மேலே கரை குறைந்தது 2 அடியாவது நிற்கணும். டிராக்டர் ஏறி இறங்கும் இடம் அமுங்கியிருக்கும். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி கசிவு. கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பதில் நமக்கு ஒரு சந்தோஷம். பார்க்க வேண்டியது பின்பக்கம், வெளிச்சரிவின் அடி. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். கோடையிலும் அங்கே ஒரு திட்டு பச்சையாக இருக்கிறதா, கோரை முளைத்திருக்கிறதா? கசிவு போன வருஷம் இருந்த இடத்தில்தான் இருக்கிறதா? ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குட்டையின் நீர்மட்டத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். தெளிவாகவே இருந்தால் நல்லது. அடியில் மண் தங்கினால், தண்ணீரோடு கரையும் சேர்ந்து வெளியே போகிறது என்று பொருள். அந்த அரிப்பு வெளியிலிருந்து உள்நோக்கிப் பொந்து போட்டுக்கொண்டே போகும். குட்டைத் தண்ணீரை எட்டிவிட்டால் நேரமே இருக்காது.

மடைக்குழாயை ஒட்டித்தான் இது அதிகம் தொடங்குகிறது. பைப்பைச் சுற்றி மண்ணைச் சரியாகத் திமிசு போட முடியாமல் விட்டிருப்பார்கள். நண்டு வளை, எலி வளை, கரையான் புற்று இவையும் வழி. வெளிச்சரிவில் புதர் மண்டியிருந்தால் எதுவும் கண்ணில் படாது. அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும்.

மரம் வேண்டாம் என்று சொன்னால் நம் இயக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரும். ஏரிக்கரையில் பனை இல்லையா என்று கேட்பார்கள். பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். ஏரிக்கரையின் அகலமும் வேறு. எட்டடி உச்சியுள்ள நம் கரையில் வேம்பும் புங்கையும் பெருத்தால், புயலில் சாயும்போது வேரோடு கரையைப் பெயர்க்கும். வெட்டினாலோ வேர் மக்கி உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழும். ஏற்கெனவே பெரிய மரம் நிற்குமானால், கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு வேரைத் தோண்டி எடுத்து, அரையடி அரையடியாக ஈரமண் போட்டு இடித்து மூடுங்கள். மரத்தைக் கரையை விட்டுத் தள்ளி வைப்போம்.

புதிதாகக் கரை போடுகிறவர்களுக்கு ஒன்று. மண்கட்டி ஒன்றை மழைத்தண்ணீர் உள்ள டம்ளரில் போட்டு ஆட்டாமல் விடுங்கள். சுற்றிலும் பால் போலக் கலங்கிப் பரவினால் அது கரைக்கு ஆகாது. களர் நிலத்து மண் பெரும்பாலும் இப்படித்தான்.

கலங்கலாகக் கசிவதைக் கண்டால் கைகள் தானாகக் களிமண்ணைத் தேடும், வெளியிலிருந்து அடைக்க. அடைக்காதீர்கள். தண்ணீர் வேறு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் போகட்டும், மண் போகக் கூடாது. கசிவின் மேல் ஆற்றுமணல் கொட்டி, அதன் மேல் சிறுஜல்லி, அதற்கு மேல் பெருஜல்லி. ஊற்றாகக் கொப்பளித்தால் சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்க விடுங்கள். இதைச் செய்வதற்கு முன்னால் கீழே இருப்பவர்களுக்குப் போன் போட்டுவிட வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும்.

அப்புறம் நீர்மட்டத்தை இறக்க வேண்டும். ஜேசிபியை வைத்துக் கரையை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த வெட்டே உடைப்பாகிவிடும். மோட்டார் வையுங்கள், கரைக்கு மேலே ஹோஸ் போட்டுச் சைஃபன் வையுங்கள். அவசரம் இல்லாத நாளில் ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்க வேண்டாம். ஊறிய உள்சரிவு, தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரெனப் போனால் சரிந்துவிடும்.