பாடும் மீன் நாட்டுக்குக் கோச்சிப் பயணம்: குடும்பமாகத் திட்டம் போடுவோம்



எங்கெங்கோ இருந்து வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நம் மலைக்குக் கோச்சியில் ஏறி வருகிறார்கள். பட்டிப்பொலையிலும் ஒஹியாவிலும் இறங்கி, ஹோட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்னும் பாதாளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ ஆறு அறுத்த 'கிராண்ட் கான்யன்' பள்ளத்தாக்கைப் பார்க்க 1901ஆம் ஆண்டிலேயே ரயில் போனது. அங்கேயும் சாதாரண குடும்பங்கள் மாதக்கணக்காகக் காசு சேர்த்துத்தான் போகிறார்கள்.

நாம் மட்டும் ஏன் போவதில்லை? "நமக்கு எங்கங்க வசதி?" என்று சொல்லிவிடுகிறோம். வசதி குறைவுதான். ஆனால் வசதியைவிட, திட்டம் இல்லாததே நம்மைப் பல தடவை கவிழ்த்துவிடுகிறது. இந்த இதழின் பாடம் அதுதான். உதாரணத்துக்கு மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடும்பத்தின் கதை

எங்கள் தோட்டத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருக்கிறார். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அவருடைய தங்கச்சி குடும்பம் மலையை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறியது. அப்படிப் போன குடும்பங்கள் நம்மில் பலருக்கும் உண்டு. "கோச்சி போற ஊருதானே, எப்ப வேணும்னாலும் போயிக்கலாம்" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் யுத்தம் வந்தது, பிள்ளைகள் கலியாணம் வந்தது. வருசங்கள் ஓடிவிட்டன.

2022 டிசம்பர் லீவில் மகன் திடீரென்று புறப்பட்டார். மனைவியின் தோட்டை அடகு வைத்தார். மட்டக்களப்பு ரயில் கொழும்பிலிருந்துதான் புறப்படும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லாரையும் கொழும்புக்கே கூட்டிப்போனார். லீவுக் கூட்டத்தில் ஆசனம் கிடைக்கவில்லை. பாட்டியால் நின்றுகொண்டு போக முடியாது. ராத்திரி முழுவதும் ஸ்டேஷன் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தோட்டை மீட்க ஐந்து மாதம் ஆனது.

இதில் பிழை எங்கே? காலம், பாதை, காசு, ஆசனம் ஆகிய நான்கையும் அவர்கள் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. காலம்

நம் மலையில் ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவ மழை. கிழக்கில் அப்போது கச்சான் காற்றும் வெயிலும்தான். அங்கே பெருமழை பெய்வது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. டிசம்பர் லீவில் போனால் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ஏப்ரல் லீவு அல்லது ஆகஸ்ட் லீவுதான் நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வாவியின் பாடும் மீன் ஓசை ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கேட்கும் என்பார்கள். பௌர்ணமி போயா லீவு நாள். போயாவையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத் திட்டம் போட்டால், வேலைக்குப் போகாமல் இழக்கும் பேர் குறையும்.

2. பாதை

மட்டக்களப்புக்குப் போகக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. பதுளை, நானுஓயா, ஹட்டன் வழியாக வரும் ரயில் நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை, ரம்புக்கனை தாண்டிப் பொல்காவலைச் சந்திக்கு வரும். அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயிலில் மாறி ஏறலாம். அது குருநாகல், மாகோ, ஹபரணை, கல்லோயாச் சந்தி, மின்னேரியா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாகப் போகிறது. மட்டக்களப்புக்கு ரயில் பாதை 1928இல் முடிந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு விசயம் காட்டிக் கொடுங்கள். நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் பாதையை ஒட்டி ஓடுகிற மகாவலி கங்கையை, மன்னம்பிட்டியில் மறுபடி பார்க்கலாம். நம் மலையில் பெய்த மழைதான் அங்கே அகலமான ஆறாகப் போகிறது. புத்தகத்தில் பத்துத் தடவை படிப்பதைவிட ஒரு தடவை கண்ணால் பார்ப்பது நிலைக்கும்.

ஹபரணை, மின்னேரியாப் பக்கம் யானைக் காடு. 2025 பெப்ரவரியில் அங்கே ரயில் மோதி யானைகள் இறந்தன. அந்தப் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் பொறுமையாக இருங்கள். சாப்பாட்டு மிச்சத்தை ஜன்னலால் எறியாதீர்கள். அந்த வாசத்துக்கு யானை பாதைக்கு வரும்.

முக்கியமான எச்சரிக்கை: 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை உட்பட நாட்டின் ரயில் பாதைகள் பல இடங்களில் சேதமடைந்தன. ஆகவே, நீங்கள் போகும் நாளில் எந்த ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது, எத்தனை மணிக்கு என்று உங்கள் ஸ்டேஷனில் கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்திலும் தமிழில் கேட்கலாம். பழைய நேர அட்டவணையை நம்பிப் புறப்பட வேண்டாம். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தார் பிபிலை, மகாஓயா, செங்கலடி வழியாக பஸ்ஸிலும் போகலாம்.

3. காசு

கடன் வாங்கிப் போகும் பயணம், திரும்பி வந்த பிறகும் முடியாது. வட்டியாகத் தொடர்ந்து ஓடும். முதலில் கணக்கு எழுதுங்கள். கீழே உள்ள தொகை கணக்குப் பழகுவதற்காக மட்டுமே. உண்மையான கட்டணத்தை நீங்களே விசாரித்து எழுத வேண்டும்.

ரயில் டிக்கெட்: 9,000 ரூபாய்
பஸ், ஆட்டோ: 4,000
சாப்பாடு, தேத்தண்ணி: 6,000
சொந்தக்காரருக்குச் சாமான்: 2,000
அவசரத்துக்கு: 3,000
மொத்தம்: 24,000 ரூபாய்

டிசம்பரிலிருந்து ஜூலை வரை 8 மாதம். 24,000ஐ 8ஆல் பிரித்தால் மாதம் 3,000. சம்பளம் கைக்கு வந்த அன்றே இதைத் தனியாக எடுத்து, வீட்டு அம்மாவின் பெயரில் வங்கியில் போடுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது. சீட்டுப் போடுபவர்கள் ஜூலையில் எடுக்கும்படி கேட்டு வைக்கலாம். வேலைக்குப் போகாத நாட்களின் பேரையும் செலவாக எழுதுங்கள். அதை மறந்தால் அடுத்த மாசச் சம்பளத்தில் துண்டு விழும்.

3 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் போதும். ரொட்டியும் சம்பலும் வீட்டிலிருந்தே கட்டிப் போனால் முதல் நாள் செலவு பாதியாகும்.

4. ஆசனம்

முன்பதிவு பொதுவாக 30 நாளுக்கு முன் தொடங்கும். லீவு நாட்களில் சீக்கிரம் முடிந்துவிடும். பொல்காவலைக்கு வரும்போது மட்டக்களப்பு ரயிலில் கூட்டம் நிறைந்திருக்கும். ஆகவே வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால், பொல்காவலையில் ஏறுவதாகச் சொல்லி முன்பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

அங்கே போய்ப் பார்க்க வேண்டியவை

முதல் நாள் பகலில் ஹட்டனில் ஏறினால் ராத்திரி ரயிலில் மாறி, மறுநாள் காலை மட்டக்களப்பில் இறங்கலாம். நகரத்தின் மையம் புளியந்தீவு. அது வாவி சூழ்ந்த ஒரு தீவு. போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை அங்கே வாவிக் கரையில் நிற்கிறது. கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், பக்கத்திலேயே 2013இல் திறந்த புதுப் பாலமும் உண்டு. பாடும் மீனுக்குக் காது கொடுப்பது இந்தப் பாலத்துப் பக்கம்தான். தோணியில் போய்த் துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அந்த ஓசை மீனா சிப்பியா என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்தரின் சமாதியும் இருக்கிறது. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்ச வீட்டையும் பார்க்கலாம்.

அடுத்த நாள் பாசிக்குடா. கல்குடாவில் இறங்கிப் போகலாம். அங்கே கடல் ஆழம் குறைந்தது, அலையும் குறைவு.

பாதுகாப்பு

நாம் மலைக்காரர்கள், கடல் பழகாதவர்கள். பாசிக்குடாவிலும் பிள்ளையைக் கை தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லடிக் கடலில் இறங்க வேண்டாம். அங்கே அலையும் இழுப்பும் அதிகம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடிக் கரைகளில் எத்தனையோ பேர் போனார்கள். வாவியிலும் இறங்கக் கூடாது. முதலை உண்டு. குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த வெயில் சட்டென்று ஒத்துக்கொள்ளாது. பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் இருங்கள். தண்ணீர் போத்தலும் இரண்டு பக்கெட் ஜீவனியும் பையில் இருக்கட்டும். பிரஷர், சீனி மருந்து எடுப்பவர்கள் நாலு நாளுக்கானதைக் கொண்டுபோகட்டும்.

கதையின் முடிவு

தோட்டை மீட்ட பிறகு, அந்த மகன் காரியாலயத்துக்கு வந்து என்னோடு இருந்து இந்தக் கணக்கையெல்லாம் எழுதினார். தங்கச்சி வீட்டிலே தங்குவது, சிறு தொகையோடு போவது என்று முடிவு செய்தார்கள். சாமானும் குறைத்தார்கள். 2023 ஆகஸ்டில் போனார்கள், கடனில்லாமல் திரும்பினார்கள்.

திரும்பிய மறுநாள் பாட்டி என்னிடம் சொன்னார்: "ஐயா, ஒரு ராத்திரி வழிதாங்க. இதுக்கா நாப்பத்தாறு வருசம்? அவ பல்லெல்லாம் விழுந்து கெடக்குறா. ஆனா என் குரலக் கேட்டதும் யாருன்னு கண்டுக்கிட்டா."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஊர், ஒரு ஆள் இருக்கலாம். தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நாம் போக நினைக்கும் ஊர் எது? எந்த மாதம் அங்கே மழை இல்லை?
2. எந்த ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும்?
3. மொத்தச் செலவு எவ்வளவு? மாதம் எவ்வளவு சேர்த்தால் கடன் இல்லாமல் போகலாம்?
4. எத்தனை நாள் பேர் போகும்? அதற்கு என்ன ஏற்பாடு?

விடைகளைப் பிள்ளையின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.