கேட் பாஸுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

அம்பத்தூர் எஸ்டேட்டில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிஎன்சி ஆபரேட்டர், பேக்கிங், செக்கிங், ஹெல்பர் என எல்லாவற்றுக்கும் ஆள் எடுக்கிறார்கள். திருநங்கைக்கும் திருநம்பிக்கும் வேலை இல்லை என்று எவரும் போர்டில் எழுதுவதில்லை. ஆதார் நகலைப் புரட்டிவிட்டு, "இப்பதான் ஆள் எடுத்து முடிச்சோம், நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். இந்தப் பதிலை வைத்து எங்கும் முறையிட முடியாது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. ஆகவே முதல் பாடம்: விண்ணப்பத்தை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். நேரில் பேசி முடித்த பிறகும், "இன்று இன்னாரைச் சந்தித்தேன், இப்படிச் சொன்னார்" என்று இரண்டு வரி அனுப்பி வையுங்கள்.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. இத்தனை பேருக்கு மேல் வேலை பார்த்தால்தான் பொருந்தும் என்ற கணக்கும் அதில் கிடையாது. ஆறு பேர் நிற்கும் பட்டறைக்கும் இது பொருந்தும், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கும் பொருந்தும். எஸ்டேட்டில் பாதி வேலை கான்ட்ராக்டில் ஓடுகிறது என்பதால் இதை மனதில் வையுங்கள். "நீங்க எங்க ரோல்ல இல்ல, கான்ட்ராக்டரப் போய்ப் பாருங்க" என்று கம்பெனி கைகழுவினால், இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பலாம்.

அடுத்தது 11-ஆவது பிரிவு. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும். 2020-இல் வந்த விதிகள் இதற்கு நாள் கணக்கும் வைத்திருக்கின்றன: புகார் கிடைத்து 15 நாளுக்குள் விசாரணை, அறிக்கை கைக்கு வந்து 15 நாளுக்குள் நிர்வாகத்தின் நடவடிக்கை. சம வாய்ப்புக் கொள்கையை இணையதளத்திலோ கண்ணில் படும் இடத்திலோ வெளியிடவும் வேண்டும். அந்தக் கொள்கையில் எல்லாப் பாலினத்தவருக்கும் பொதுவான கழிப்பறை, பாதுகாப்பு, போக்குவரத்து பற்றி இருக்க வேண்டும். ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைப்போம் என்ற உறுதியும் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எச்.ஆரிடம் சாதாரணமாகக் கேளுங்கள்: "மேடம், நம்ம கம்பெனியில புகார் அலுவலர் யாரு?" பெரும்பாலும் விழிப்பார்கள். விழிக்கட்டும். கேள்வி மெயிலில் போயிருந்தால் போதும். யாரையாவது நியமிக்கும் வேலை அன்றே தொடங்கிவிடும்.

சட்டத்தின் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை பற்றிப் பேசும் 18-ஆவது பிரிவு அடி, வதை, கொத்தடிமை வேலை, வீட்டை விட்டுத் துரத்துதல் போன்றவற்றைத்தான் பட்டியலிடுகிறது. வேலை மறுத்த முதலாளிக்கு அதில் சிறை இல்லை. இரண்டு மாநிலங்களில் தனியார் பள்ளிகளில் வேலையிழந்த திருநங்கை ஆசிரியை ஜேன் கவுசிக் உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 2025 அக்டோபரில் வந்த தீர்ப்பு, சட்டத்தை ஏட்டிலேயே விட்டுவைத்ததற்காக அரசுகளைக் கடிந்துகொண்டு இழப்பீடும் தரச் சொன்னது. அவ்வளவு தூரம் எல்லோராலும் ஓட முடியாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே காகிதம் சேர்க்கச் சொல்கிறேன்.

காகிதம் என்றதும் அடையாள ஆவணங்கள். சட்டப்படி திருநர் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர். இங்கேதான் மேற்குப் புறநகரில் பலர் தவறான அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்றும் திருவள்ளூர் மாவட்டம்தான். எந்தப் படிவம், என்னென்ன இணைப்பு என்பதை உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பெயர் மாற்றினால் ஆதார், பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். எண் நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். ஒன்றில் பழைய பெயர் தங்கினாலும் பி.எஃப். பணம் எடுக்கும் நாளில் முட்டும். மாற்றம் முடியும்வரை ஐ.டி. கார்டிலும் வருகைப் பதிவேட்டிலுமாவது புதிய பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் பழையது இருந்துவிட்டுப் போகட்டும்.

படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டம் இருந்தால்? திருநங்கை பிரித்திகா யாஷினிக்கும் எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் அதே சிக்கல்தான் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அவருக்குச் சாதகமாகச் சொன்னது, 2017-இல் அவர் பணியில் சேர்ந்தார். கம்பெனிப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க நீதிமன்றம் தேவையில்லை, எச்.ஆருக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஒருபால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் இருபால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் நிலைமை வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவின் பயத்தைப் போக்கியது. ஆனால் தனியார் வேலையில் அவர்களைப் பெயர் சொல்லிக் காக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. கம்பெனியின் கொள்கைதான் ஒரே கவசம். அதில் பாலீர்ப்பு பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்காமல், டீ இடைவேளையின் நெருக்கத்தை நம்பி யாரிடமும் மனம் திறக்க வேண்டாம். இதை உண்மையை மறைக்கச் சொல்லும் அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். யாராவது மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காவல் நிலையம் போக நேர்ந்தால், பால்புதுமையினரை (LGBTQIA+) துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு போலீசாரின் நடத்தை விதிகளே 2022-இல் திருத்தப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். ஒருபால் இணையருக்கு வங்கியில் ஒரு வழி உண்டு: கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், அதில் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதித் துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பக்கத்து மெஷினில் நிற்பவருக்கும் வேலை இருக்கிறது. "சார்" என்பதா "மேடம்" என்பதா என்று குழம்பினால் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் ஆச்சா என்று கேட்காதீர்கள். உங்கள் மூலநோயை யாரும் லைனில் வைத்து விசாரிப்பதில்லை. கேலி செய்பவரை அங்கேயே நிறுத்துங்கள். புகார் விசாரணையில் ஒரு சாட்சி இருந்தால் வழக்கே வேறு.

முதலாளிகளுக்கு ஒரு செய்தி. கொச்சி மெட்ரோ 2017-இல் திருநர் 23 பேரை வேலைக்கு எடுத்தது, நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே சிலர் விலகினார்கள். முக்கியக் காரணம், ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. இங்கே கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது "எங்க வேலை பாக்குறீங்க?" என்றுதான். லெட்டர்ஹெட்டில், இவர் எங்கள் ஊழியர், இவ்வளவு சம்பளம், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரு கடிதம் அடித்துக் கொடுங்கள். முடிந்தால் அட்வான்ஸ் தொகையைச் சம்பள முன்பணமாகத் தாருங்கள். வீட்டுக்காரர் போன் செய்தால் எச்.ஆர். எடுத்துப் பேசட்டும்.