கட்டி கரைந்த பின்னும் எஞ்சும் அணுக்கள்

"கட்டிதான் கரைந்துவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் வீட்டார் எம்மிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாவே. அதற்கான விடை, அக்கட்டி எவ்வகை அணுக்களால் ஆனது என்பதில் அடங்கியுள்ளது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் திருக்கோயில் மாமரத்தை அறியாதார் இலர். ஓர் அடிமரம், நான்கு கிளை, நான்கு சுவை என்பர். நம் உடலிலும் அவ்வாறு அடிமரமாய் நின்று பலவகை அணுக்களாகக் கிளைக்கும் உயிரணுக்கள் உண்டு. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் அவையே. எலியின் மார்பகத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு குருத்தணு முழுப் பால்சுரப்பியையும் உருவாக்கியதை 2006-இல் ஆஸ்திரேலிய, கனடிய ஆய்வாளர்கள் காட்டினர்.

புற்றுக்கட்டியிலும் இவ்வியல்புடைய அணுக்கள் சில உள்ளன. 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க் குழுவினர், நோயாளிகளின் கட்டியிலிருந்து பிரித்த அணுக்களை எலிகளுக்குச் செலுத்தினர். ஒருவகை அணுக்கள் நூறே இருந்தும் புதிய கட்டி எழுந்தது; ஏனையவை பல்லாயிரம் இருந்தும் எழவில்லை.

இவை எங்கிருந்து வருகின்றன? மரபணுப் பிழை ஏற்பட்ட இயல்பான குருத்தணுவிலிருந்தோ, அதன் அடுத்த தலைமுறை அணுவிலிருந்தோ தோன்றலாம். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் குறையோடு வரும் புற்றுக்கு அந்த அடுத்த தலைமுறையே மூலமாகலாம் என 2009-இல் மெல்போர்ன் ஆய்வு உணர்த்தியது. மற்றொரு வழியும் உண்டு. முருங்கைக் கிளையை ஒடித்து நட்டால் அது வேர்விட்டு மரமாவதை நாம் அறிவோம். அதுபோல, முதிர்ந்த அணுவும் உருமாறிக் குருத்தியல்பை மீளப் பெறக்கூடும் என 2008-இல் ராபர்ட் வெயின்பெர்க்கின் ஆய்வகத்தில் மணி என்னும் ஆய்வாளரும் உடனுழைத்தோரும் கண்டனர். எமக்கு இதுவே கவலை தரும் செய்தி. ஏனெனில், அடிமரத்தை அழித்தாலும் கிளையிலிருந்து மற்றொன்று எழ இடமுண்டு.

தறிமரம் மார்பில் இடித்ததாலோ, பால் கட்டிக்கொண்டதாலோ இவை பிறப்பதில்லை. அப்படி எண்ணித் தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார் நம் ஊரில் பலர்.

இவ்வணுக்கள் மருந்தை எளிதில் தாங்கி நிற்பவை. கீமோதெரபிக்குப் பின் எஞ்சிய கட்டியில் இவற்றின் விகிதம் கூடியிருந்ததை அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியினர் 2008-இல் பதிவு செய்தனர். ஆகவேதான் கையால் தடவியும் ஸ்கேனிலும் ஒன்றும் புலப்படாத நிலையிலும், அறுவை, கதிர்வீச்சு, தேவையானோர்க்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஹார்மோன் மாத்திரை எனச் சிகிச்சை தொடர்கிறது. முகூர்த்த நாள் நெருங்குகிறது, சேலை முடிக்க வேண்டும் என்று ஒரு தவணையைத் தள்ளிப்போட நேர்ந்தால், முன்னதாகவே மருத்துவரிடம் கூறுங்கள். மாத்திரையால் உடல் கொதிப்போ மூட்டுவலியோ வந்தால் தாமாக நிறுத்த வேண்டா. மாற்று மருந்துகள் உள்ளன.