முன்னே எழுந்தருளுதல்



ஒருவருக்கு முன்னரே மற்றொருவர் மறைந்தால் சட்டத்தமிழ் அவரை ‘முன் இறந்தவர்’ என்று குறிக்கும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், முன் இறந்த மகனுடைய மனைவியையும் மக்களையும் முதல் வகுப்பு வாரிசுகளில் சேர்த்துள்ளது. வாழவந்தி முதலான ஏற்காட்டு மலையூர்களிலிருந்து, மறைந்தவரின் வைப்புத்தொகையைக் கேட்டு வருவோரின் சான்றிதழ்களில், வங்கிப் பணியிலிருந்த நாம் முதலில் தேடியது இச்சொல்லையே. இருவர் ஒருங்கே மாண்டு, முன் மாண்டவர் யாரென்று துணிய முடியாதபோது, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை மூத்தவரே முன் சென்றதாகக் கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. சட்டத்துக்கு வேண்டியது காலமுறை மட்டுமே. சென்றவர் எங்குச் சென்றார் என்பது அதற்கு வேண்டாத செய்தி.

நம் பரிபாஷையிலோ ‘இறந்தார்’ என்று சொல்லும் வழக்கமே இல்லை. ‘திருநாட்டுக்கு எழுந்தருளினார்’, ‘ஆசார்யன் திருவடி அடைந்தார்’ என்றே சொல்வோம். போய்ச் சேரும் இடம் சொல்லிலேயே இருப்பதால் ‘முன்னே’ என்பதற்கும் வேறொரு பொருள் கிடைக்கிறது.

கூரத்தாழ்வான் வைபவத்தில் இது விளங்கும். ஆழ்வான் அவதரித்தது ஸௌம்ய வருஷம் தை ஹஸ்தம்; உடையவர் அவதரித்தது அதற்கு ஏழாண்டு கழித்து, பிங்கள வருஷம் (1017) சித்திரைத் திருவாதிரை. வயதின் கணக்கில் ஆழ்வான் முற்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர் சிஷ்யர். நம்பெருமாளிடம் அவர் பரமபதம் வேண்டிப் பெற்றார். அவருடைய ஸம்பந்திகளுக்கும் அப்பேறு உண்டு என்று அருளப்பட்டதைக் கேட்டு உடையவர் காஷாயத்தை மேலே எறிந்து களித்தார். பிறகே, தம்மை விட்டு முன்னே செல்லலாமோ என்று கலங்கினார்.

ஆழ்வான் தந்த விடையைப் பெரியோர் விரித்துரைப்பர். திருநாட்டில் முன்பே இருப்பவர்கள் புதிதாக வருபவரை எதிர்கொண்டு அழைப்பது அவ்விடத்து முறை. திருவாய்மொழிப் பத்தாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி அதைக் காட்டுகிறது. உடையவர் முன்னே எழுந்தருளினால், ஆசார்யர் வாசலுக்கு வந்து சிஷ்யனை வரவேற்க நேரும். அது சேஷத்வத்துக்குச் சேராது. ஆகவே ஆழ்வான் முற்பட்டது கைங்கர்யத்துக்காக. ‘முந்திக்கொண்டார்’ என்று எழுதுவோர் இக்கருத்தைக் கெடுக்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

மகனையோ மகளையோ முன்னே அனுப்பிய பெற்றோர் இதைப் படிக்கக்கூடும். ஆழ்வானின் விடை உடையவரின் கலக்கத்தைக் குற்றமென்று சொல்லவில்லை. அவர் கண்ணீரோடுதான் விடை கொடுத்தார். ஆழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டரும் இளவயதிலேயே, தாயார் ஆண்டாள் இருக்கும்போதே, திருநாட்டுக்கு எழுந்தருளினார்.