முதல் ஒரு மணி நேரத்தை நம்பாதீர்கள்

மூட்டுவலிக்குத் தடவிய டைக்குளோபினாக் களிம்பு குளிக்கும்போது கழுவப்பட்டுச் சாக்கடைக்குப் போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிரிகளால் அதை முழுதாகச் சிதைக்க முடிவதில்லை. மிச்சம் ஆற்றில் சேரும். நம் வட்டாரத்தில் அது தெப்ராவ் ஆறு, அப்புறம் ஜொகூர் நீரிணை.

அந்த மிச்சத்தை நீக்க ஒரு வழி சவ்வு வடிகட்டி. பக்கத்தில் ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அம்தெக் மையம் சவ்வு ஆய்வுக்கென்றே இயங்குகிறது. இத்துறையில் காலெடுத்து வைக்கும் நம் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டைக்குளோபினாக் மூலக்கூறு ஒரு நானோமீட்டருக்கும் சிறியது. மீநுண் வடிகட்டிச் சவ்வின் துளைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. சல்லடையாக மட்டும் அது பயன்படாது. அதனால்தான் சவ்வுக்குள் டைட்டானியம் டையாக்சைடு துகள்களைச் சேர்க்கிறோம்; புற ஊதா ஒளி பட்டால் அவை மருந்தைச் சிதைக்கும். அந்த ஒளியைத் தாங்கப் பிவிடிஎஃப் பாலிமர் ஏற்றது.

சவ்வு வார்க்க, நூறு கிராம் கரைசலுக்கு 82 கிராம் டைமெத்தில் அசிட்டமைடு கரைப்பான், 17 கிராம் பிவிடிஎஃப், 1 கிராம் துகள் என்று தொடங்கலாம். முதலில் துகளைக் கரைப்பானில் போட்டு மீயொலியால் கலையுங்கள். கட்டி தட்டினால் சவ்வில் ஓட்டை விழும். பிறகு உலர்ந்த பாலிமரைச் சேர்த்து 60 பாகை செல்சியசில் ஒருநாள் கலக்கி, குமிழ் அடங்கும்வரை அசைக்காமல் வையுங்கள். கண்ணாடித் தகட்டில் 200 மைக்ரோமீட்டர் கனத்தில் இழுத்து, தகட்டோடு தண்ணீரில் அமிழ்த்துங்கள். வெள்ளைத் தாளாக உறைந்து வரும். ஒருநாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். காயவிடாதீர்கள், துளைகள் சுருங்கிவிடும். இந்தக் கரைப்பான் கருவுக்குக் கேடு செய்யும். கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் இல்லாமல் தொடவே கூடாது. ஊறவைத்த தண்ணீரையும் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்து, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள்.

சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்துக் கரைசலைப் புற ஊதா விளக்கில்லாமல், இருட்டில் சவ்வின் வழியே செலுத்துங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நீக்க எண் அபாரமாகத் தெரியலாம். மருந்து அழியவில்லை, சவ்வில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஒட்ட இடம் தீர்ந்ததும் எண் சரியும். சரிந்து நிலைத்த பிறகே விளக்கைப் போடுங்கள். டைக்குளோபினாக் வெறும் ஒளியிலேயே ஓரளவு சிதையும் என்பதால், துகள் சேர்க்காத சவ்வையும் அதே விளக்கில் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே உங்கள் துகளின் உழைப்பு. கூடவே கார்பமசெபினையும் சோதியுங்கள். அது எளிதில் மசியாத மருந்து.

அளவிட எச்பிஎல்சி (உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை) கருவி போதும். ஆனால் அதில் மருந்தின் முகடு மறைந்தாலும் உடைந்த துண்டுகள் நீரில் இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்து பாருங்கள்.

கடைசியாக, அனுமதி பெற்று எடுத்த நிஜக் கழிவுநீரில் இதே சோதனையைச் செய்யுங்கள். அதிலுள்ள பிற கரிமப் பொருள்கள் துகளின் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்ளும், எண் குறையும். அந்தக் குறைந்த எண்ணைத்தான் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.