அழுவான் என்று பார்க்கப் போகாமல் இருக்கலாமா?

கேள்வி: கொச்சி வாத்துருத்தியில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கணவர் இறந்த பிறகு வீட்டு வேலைக்குப் போகிறேன். விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவேன். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒன்பது வயது மகனை ஆலுவா பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தேன். பார்த்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். 'நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் சாப்பிட மாட்டான். கொஞ்ச நாள் வராதீங்க, பழகிடுவான்' என்கிறார் வார்டன். ஓணத்துக்குப் பிறகு போகவில்லை. போனில் பேசினால் மலையாளத்திலேயே பதில் சொல்கிறான். போகாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லதா?

— பெயர் வேண்டாம், தேவரா

பதில்: இல்லை அம்மா. வருகிற ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

வார்டன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அழுகிற பிள்ளையை இரவெல்லாம் சமாதானப்படுத்துவது அவர்தானே. ஆனால் இதே பேச்சை லண்டன் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1940களின் இறுதியில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தார். அம்மாவைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தது. பிறகு துவண்டு ஒடுங்கியது. அதற்கும் பிறகு, அம்மா வந்து நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தக் கடைசி நிலையைத்தான் 'பழகிவிட்டது' என்று எல்லோரும் நிம்மதியாக நினைத்திருந்தார்கள். 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாட்களை அவர் படமெடுத்துக் காட்டியபோது டாக்டர்கள் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் பிரிட்டனில் பிளாட் என்பவர் தலைமையிலான குழு, பெற்றோர் வந்து பார்ப்பதற்கு நேரக் கட்டுப்பாடே வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

அவை சின்னக் குழந்தைகள். உங்கள் மகன் விவரம் தெரிந்தவன் என்பதால் அவனிடம் இன்னொரு கவலையும் இருக்கும்: அழுததால்தான் அம்மா வரவில்லையோ என்று. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லித் தீர்க்க வேண்டும். 'நீ அழுததுக்காக நான் வராம இல்லடா, தப்பா நினைச்சுட்டேன்' என்று சொல்லுங்கள், போதும்.

கண்ணில் படாமல் நழுவி வந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்று பொய்யும் வேண்டாம். அடுத்து வரும் தேதியை அவன் நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். பலகாரப் பொட்டலத்தைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிவிடுவதும் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்ப்பதும் அவனுக்குப் பெரிது. மலையாளத்தில் பேசினால் பேசட்டும். அங்கே அவன் கூட்டாளிகள் பேசுவது அதுதான். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், ஆச்சியைப் பற்றி, ஊர்த் திருவிழாவைப் பற்றி. காது விட்டுப்போகாமல் இருந்தால் வாய் தானாக வரும்.

உங்களுக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது. அதன் 2016 மாதிரி விதிகளின்படி பெற்றோர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம்; தேவையென்றால் கூடுதலாகவும் அனுமதிக்கலாம். பிள்ளையைக் கொடுமைப்படுத்தியவர்கள் என்று தெரிந்த பெற்றோருக்குத்தான் தடை. குடும்பத்தில் விசேஷம், நோய், இறப்பு என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு, பயண நேரம் போகப் பொதுவாக ஏழு நாள் வரை வீட்டுக்கு அழைத்து வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதி வைக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அவன் எப்போது வீடு திரும்புவான் என்பதற்கு அதில் பதில் இருக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அம்மா இருக்கிறார், அன்பும் இருக்கிறது, கூலிதான் போதவில்லை. வறுமைக்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போகவே கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க 'ஸ்பான்ஸர்ஷிப்' என்று மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கணவரை இழந்த தாயின் பிள்ளைகளும் அதில் அடக்கம். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று ஆகியவற்றோடு காக்கநாடு கலெக்டரேட்டுக்குப் போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரியுங்கள். மலையாளத்தில் எழுத ஆள் வேண்டுமானால் நீங்கள் வேலை செய்யும் வீட்டில் கேளுங்கள். யாராவது தடுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு இலவசமாகப் போன் செய்யலாம்.

பணம் கிடைத்தாலும் பள்ளி விட்டு நீங்கள் வரும்வரை அவன் எங்கே இருப்பான் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வேலை நேரத்தை மாற்ற முடியுமா, பக்கத்து வீட்டில் நம்பி விட ஆள் உண்டா என்று இப்போதே பாருங்கள். குழந்தைகள் நலக் குழுவினர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.